கைத்தோட்டாவும் கருத்தும்

தன் தேவையைத் தானே செய்துகொள்வோனை நாம் என்றும் போற்றுவோம். ஆயின் கருத்தில்லாக் கைவேலை உயிருக்கே உலையாகும் என்பதற்கு அமெரிக்க வேட்டைக்காரரின் வீட்டுத்தொழில் ஒன்று சான்று.

நெம்புகோலைத் தள்ளியிழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியை 1873-ம் வருஷத்தில் வெளியிட்ட வின்செஸ்டர் கம்பெனியார், சுட்ட பித்தளைக் குப்பியில் மீண்டும் மருந்தும் குண்டும் இடும் கருவியையும் விற்றனர். கடைக்குத் தொலைவில் வாழ்ந்த குடியானவருக்கு அது பேருதவியாயிற்று. இன்றும் அந்நாட்டில் பலர் வீட்டிலேயே தோட்டா நிரப்புகின்றனர்.

இத்துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் சுடுகுழலின் கீழுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். பின்னதன் குண்டுமுனை முன்னதன் அடியிலுள்ள கேப்பின்மேல் படியும். முனை கூரியதாயின், சுடுகையில் எழும் உதைப்பினால் கேப்பைக் குத்திக் குழாயிலேயே வெடிக்கக்கூடும். அக்குழாயின் கீழ் இருப்பது சுடுபவன் கையன்றோ! ஆகவேதான் 1895-ல் வெளிவந்த .30-30 தோட்டாவுக்குத் தட்டைமுனைக் குண்டே வழக்கமாயிற்று. இக்காலத்தில் மென்முனைக் குண்டுகளும் உண்டு. மருந்து மிகுந்தாலும் துப்பாக்கி பிளக்கும். அதற்குத் தராசும் அச்சிட்ட அளவுப்பட்டியலுமே காவல்.

கடையை நம்பாதவன் தராசையேனும் நம்புக. ஊகத்தை நம்புவோன் இத்தொழிலைத் தொடாதிருப்பதே நன்று.