சத்தம் போடாத வால்வுதான் ஆபத்து

அலோர் ஸ்டாரில் சிவப்பு விளக்குக்காக நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் பழைய கப்சாயைச் சற்று உற்றுக் கேளுங்கள். புகைக்குழாய் இரைச்சலுக்கு அடியில், தையல் இயந்திரம் ஓடுவதுபோல ‘டிக் டிக்’ என்று மெல்லிய ஒலி கேட்கும். இன்ஜின் கெட்டுவிட்டது என்று பலர் பயப்படுவது இந்த ஒலிக்குத்தான். ஆனால், இந்த வகை இன்ஜினில் ஒலி அறவே நின்றுபோனால்தான் கவலைப்பட வேண்டும்.

‘கப்’ என்ற ஹோண்டாவின் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் ‘சாய்’ என்ற சீனச் சொல் சேர்ந்ததே கப்சாய் என்பார்கள். ஜப்பானில் சூப்பர் கப் 1958-இல் வெளிவந்தது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ இந்த நாட்டுக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்தார். விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்களையும் வயலுக்குப் போனவர்களையும் கெடாவில் சுமந்தது இந்த வண்டிக் குடும்பம்தான். ஈஎக்ஸ்5 அதில் ஒன்று.

அதன் ஒற்றைச் சிலிண்டருக்கு மேலே இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும்; மற்றது எரிந்த புகையை வெளியேற்றும். ஒவ்வொரு வால்வின் நுனியையும் ‘ராக்கர் ஆர்ம்’ எனும் சிறு நெம்புகோல் அழுத்தித் திறக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால், ஒரு வால்வு விநாடிக்கு 50 முறை திறந்து மூடும். வால்வு மூடியிருக்கும் வேளையில் அந்த நெம்புகோலுக்கும் வால்வு நுனிக்கும் நடுவே 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நீங்கள் எழுதும் ஏ4 தாளின் பருமனில் ஏறக்குறைய பாதி! அந்த இடைவெளியைத் தாண்டி நெம்புகோல் வால்வைத் தட்டும் ஓசைதான் ‘டிக் டிக்’.

எதற்காக இந்த இடைவெளி? உலோகக் குண்டும் வளையமும் வைத்துச் செய்யும் சோதனையை நினைத்துப் பாருங்கள். சூடேறினால் குண்டு பெருத்து வளையத்துக்குள் நுழையாது. வால்வும் சூட்டில் நீள்கிறது. 7 சென்டிமீட்டர் எஃகுத் தண்டின் வெப்பம் 200 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது சுமார் 0.17 மில்லிமீட்டர் நீளும்.

இங்கே ஒரு சந்தேகம் உங்களுக்கு எழ வேண்டும். 0.17 நீளும் வால்வுக்கு 0.05 இடைவெளி எப்படிப் போதும்?

வால்வைத் தாங்கும் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இருமடங்கு விரிவடையும். தலை 100 பாகை சூடேறினாலே, அதே 7 சென்டிமீட்டரில் 0.16 மில்லிமீட்டர் வளர்ந்து, நெம்புகோலை வால்விலிருந்து தள்ளிக் கொண்டுபோய்விடுகிறது. இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தாம். ஆனால் விஷயம் இதுதான்: இரண்டு உலோகங்களும் பந்தயம் ஓடுகின்றன. நெருப்பில் நேராக நிற்கும் வால்வு சட்டென்று சூடாகும். தலை மெல்லத்தான் சூடாகும். காலையில் வண்டியைக் கிளப்பிய உடனே முறுக்கினால் வால்வு முந்திவிடும். அந்த நேரத்துக்கான சேமிப்பே இந்த இடைவெளி.

அது இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. புகை வெளியேற்றும் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை, மூடியிருக்கும்போது தன் இருக்கையைத் தொட்டுத்தான் இறக்கிவைக்கிறது. தொட முடியாமல் போனால் சூடு தேங்கும். இடுக்கு வழியே தீப்பிழம்பும் சீறும். கடைசியில் வால்வின் விளிம்பு கருகி உடையும். அதற்கு முன்பு ஒரு சத்தமும் வராது. நாளடைவில் வால்வு தன் இருக்கையைத் தேய்த்து உள்ளே அமிழ்வதால் இடைவெளி தானாகவே குறைவதும் உண்டு. மாறாக, இடைவெளி கூடினால் சத்தம் வரும், இழுவை குறையும், பாகங்கள் தேயும். அதுவும் நல்லதல்ல, ஆனாலும் உங்களை எச்சரித்துவிடுகிறது.

சரிபார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் ஓடாமல் ஆறிய இன்ஜினாக இருக்க வேண்டும். பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட்டு, வால்வு மூடிகள் இரண்டையும் இடப்பக்கத்துச் சிறு மூடிகளையும் திறக்க வேண்டும். சக்கரத்திலுள்ள ‘டி’ குறி அடையாளத்துக்கு நேரே வரும்வரை இன்ஜினைக் கையால் சுழற்ற வேண்டும். அப்போது இரு நெம்புகோல்களும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. அந்தக் குறி இரண்டு சுற்றில் ஒருமுறைதான் சரியான வேளையைக் காட்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

பிறகு 0.05 தகட்டளவியை இடைவெளியில் செருகிப் பாருங்கள். சற்றே உரசியபடி நகர வேண்டும். இல்லையென்றால் பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகாணியைத் திருப்ப வேண்டும். நட்டை இறுக்கும்போது திருகாணியும் சேர்ந்து அசையும். ஆகவே இறுக்கிய பின் மறுபடி அளந்தே தீர வேண்டும்.

கார்களிலும் இதே கதைதான். 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் திருகாணியும் நட்டும் இருந்தன. ஆனால் நான்கு சிலிண்டர்களுக்கும் அளக்க வேண்டும். சில கார்களுக்குச் சூடான இன்ஜினில் அளக்கச் சொல்வார்கள். அதற்கான எண் வேறு என்பதால் அந்தந்தக் காரின் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். இன்னும் சில கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சிறு உருளை இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. அந்த இன்ஜின்கள் அமைதியாக ஓடுவதில் ஆபத்து எதுவும் இல்லை. அவற்றில் ‘டிக் டிக்’ கேட்டால் முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள்.