பழத்தோலும் உலோக நஞ்சும்

வாழைப்பழத்தை உண்டதும் தோலை வீசி விடுகிறோம். வீசப்படும் அத்தோலுக்கு, நீரில் கலந்துள்ள உலோக நஞ்சைக் கவரும் ஆற்றல் உண்டு என்று விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்.

காரீயம், செம்பு, காட்மியம் முதலியவை கன உலோகங்கள் எனப்படும். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் எடுக்கப்பட்டது வெள்ளீயம்; காரீயம் வேறு. ஆலைக் கழிவுகளிலிருந்தும் பழைய குழாய்களிலிருந்தும் இவை நீரில் சேர்கின்றன. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், உலோகமோ போவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பதே அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவு.

தோல் இதை எவ்வாறு பிடிக்கிறது? பழத்தோலில் செல்லுலோஸ், பெக்டின் ஆகிய பொருள்கள் உள்ளன. ஜாம் இறுகுவது இந்தப் பெக்டினால்தான். இதிலுள்ள அமிலத் தொகுதிகள் நீரில் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. கரைந்துள்ள காரீயத்துக்கோ நேர்மின்னூட்டம். ஒன்றையொன்று ஈர்க்கவே, உலோகம் தோலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இதுவே பரப்புக் கவர்ச்சி.

நீரில் அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜன் அயனிகள் போட்டிக்கு வந்து அவ்விடங்களைப் பிடித்துக்கொள்ளும். இக்குறையிலும் ஒரு வசதி உண்டு. உலோகம் ஏறிய தோலை நீர்த்த அமிலத்தில் கழுவினால் உலோகம் பிரிந்துவிடும். தோலை மீண்டும் உபயோகிக்கலாம். 2011இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், அரைத்த வாழைத்தோலால் ஆற்று நீரிலிருந்து காரீயத்தையும் செம்பையும் பிரித்தெடுத்தனர். ஒரே தோலை 11 முறை வரை பயன்படுத்த முடிந்தது.

சில நஞ்சுகள் தோலைப் போலவே எதிர்மின்னூட்டம் கொண்டு நீரில் இருக்கும். ஆர்சனிக் அத்தகையது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஆப்பிள் தோலில் சிர்கோனியத்தை ஏற்றி அதையும் பிடித்துக் காட்டினர். அவ்வாய்வு 2013இல் வெளிவந்தது.

ஆயினும், வீட்டுத் தண்ணீர்ப் பானையில் தோலைப் போட்டுவிட்டால் போதும் என்று வாசகர்கள் எண்ணலாகாது. பச்சைத் தோலிலிருந்து நிறமும் சர்க்கரையும் கசிந்து, கிருமிகள் பெருக இடமாகும். முறையாகக் கழுவி, உலர்த்தி, பொடித்த தோலே ஆய்வுகளுக்கு ஏற்றது. மேலும், தோல் நஞ்சை அழிப்பதில்லை, தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. அதைக் குப்பையில் எறிந்தால் நஞ்சு மண்ணுக்கே திரும்பும். கழுவிய அமிலத்தையும் பத்திரமாக அகற்ற வேண்டும்.

எனவே இது வீட்டு வைத்தியமன்று. ஆலைக் கழிவு நீர் ஆற்றில் கலக்குமுன், தேர்ந்தவர் மேற்பார்வையில் கையாளத்தக்க வழி. பழச்சாறு ஆலைகளில் குவியும் தோல் இதற்குப் பயன்படுமானால் ஆற்றுக்கும் நன்மை, ஆற்று நீரை அருந்தும் மக்களுக்கும் நன்மை.