பழைய வானொலியும் வீட்டு மின்னழுத்தமும்

மலாக்காத் தோட்டப்புறங்களிலும் லூபோக் சீனா போன்ற சிற்றூர்களிலும் தாத்தா காலத்து வால்வு வானொலியைப் போற்றிக் காப்போர் இன்றும் உளர். 220 வோல்ட்டுக்கெனச் செய்யப்பட்ட அக்கருவியை நம் வீட்டு மின்சாரத்தில் இயக்கலாமா என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தம் 2008 சனவரி 1 முதல் 240 வோல்ட்டிலிருந்து 230 வோல்ட் ஆயிற்று. ஆயினும், ஏற்கத்தக்க எல்லை முன்னர் 216 முதல் 252 வரை இருந்தது. இன்று 216 முதல் 253 வரை உள்ளது. எனவே எண் மாறியதே தவிர, வீட்டை வந்தடையும் அழுத்தம் குறைந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. அளந்தறிதலே முதற்படி.

220 வோல்ட் கருவி 240 வோல்ட் பெற்றால், 6.3 வோல்ட் பெறவேண்டிய வால்வின் சூடேற்றும் இழை ஏறத்தாழ 6.9 வோல்ட் பெறும். 250 வோல்ட்டில் அது 7.2 ஆகும். வால்வுகள் பொதுவாக 10 விழுக்காட்டு ஏற்றத்தாழ்வையே தாங்கும். மிகுந்தால் அவற்றின் ஆயுள் குறையும், மின்மாற்றியும் சூடேறும்.

பல வானொலிகளின் பின்புறத்தில் 200, 220, 240 என அழுத்தத்தைத் தெரிவுசெய்யும் அமைப்பு உண்டு. அதனை மாற்றினாலே போதும். அஃது இல்லையெனில், 240 வோல்ட்டை 18 வோல்ட்டாக்கும் சிறு மின்மாற்றியைத் துணைகொள்ளலாம். அதன் முதன்மைச் சுருள் வீட்டு மின்சாரத்தோடு இணையும்; துணைச்சுருளோ வானொலியோடு தொடராகவும் எதிர்முகமாகவும் இணையும். 240-இலிருந்து 18 கழிய, வானொலிக்கு 222 வோல்ட் கிட்டும். முனைகள் மாறிவிட்டால் 18 கூடி 258 ஆகிவிடும். ஆகவே வானொலியை இணைக்குமுன் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

60 வாட் வானொலி பெறும் மின்னோட்டம் ஏறத்தாழ 0.27 ஆம்பியர். துணைச்சுருள் சுமப்பது 18 வோல்ட் மட்டுமாதலின், 5 வோல்ட்-ஆம்பியருக்கும் குறைந்த பளுவே அதன்மேல் விழும். முழு ஆற்றலையும் மாற்றாமல் வேறுபாட்டை மட்டும் மாற்றுவதால், சிறு மின்மாற்றியே போதுமானதாகிறது.

இம்முறை வானொலியை வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்துவைப்பதில்லை. தொட்டால் உயிருக்கு ஊறு நேரலாம். உருகியும் நிலத்தொடர்பும் கொண்ட மூடிய பெட்டியில், தகுதிபெற்ற மின்பணியாளரே இதனை அமைத்தல் வேண்டும். நெடுநாள் இயங்காத கருவியாயின், அதன் மின்தேக்கிகளையும் முன்னதாகச் சோதித்தல் நன்று.

கணக்கை மாணவர் வகுப்பில் போட்டுப் பழகட்டும். இணைப்பை வல்லார் செய்யட்டும். அவ்வாறாயின் தாத்தாவின் வானொலி இன்னும் பல்லாண்டு பாடும்.