முருகைத் தொட்டிக்கு உகந்த ஒளி எது?

வீட்டில் சிறியதொரு கண்ணாடித் தொட்டியமைத்து, அதனுள் கடல்நீரையும் முருகைகளையும் பேண விரும்புவோர் முதலில் நோக்குவது மீன்களின் நிறத்தையும் தொட்டியின் அழகையுமே. விளக்கைப் பற்றிய எண்ணம் பெரும்பாலும் இறுதியிலேயே எழுகின்றது. ஆனால் முருகையின் வாழ்வு பெரிதும் அவ்விளக்கிலேயே தங்கியுள்ளது.

முருகை கல்லுமன்று, தாவரமுமன்று. அது ஒரு விலங்காகும். அதன் இழையங்களுக்குள் நுண்ணிய ஒருகல அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பின் மூலம் ஆக்கும் உணவின் பெரும்பகுதியை முருகைக்கே வழங்குகின்றன. எனவே, பெரும்பாலான முருகைகளுக்கு ஒளியே உணவு எனலாம்.

எத்தகைய ஒளி என்பதே அடுத்த கேள்வி. கடல்நீர் சிவப்பு ஒளியை முதற்சில மீற்றர்களிலேயே பெருமளவு உறிஞ்சிவிடுகின்றது. நீல ஒளியோ ஆழம்வரை செல்கின்றது. ஆகவே 400 முதல் 500 நனோமீற்றர் வரையான அலைநீளம் கொண்ட ஒளி மிகுந்த விளக்குகளே பொருத்தமானவை. 6,500 கெல்வின் விளக்கு பகல் வெளிச்சத்தை ஒத்தது. முருகைத் தொட்டிகளுக்கோ 14,000 முதல் 20,000 கெல்வின் வரையான நீலங்கலந்த ஒளியே வழக்கமாகத் தெரிவு செய்யப்படுகின்றது.

விளக்கின் வாற்று அளவு மின்செலவைக் காட்டுமேயன்றி, முருகையைச் சென்றடையும் ஒளியைக் காட்டாது. ஒளித்தொகுப்புக்கு உதவும் ஒளி 'பார்' எனும் அளவையாற் கணிக்கப்படுகின்றது. மென்முருகைகளுக்கு ஏறத்தாழ 50 முதல் 100 வரை போதுமானது. அக்ரோபோரா போன்ற கிளைவிடும் கல்முருகைகள் 200 முதல் 350 வரை வேண்டுவன. ஆழங்குறைந்த தொட்டியில் மென்முருகைகளை மட்டும் வளர்ப்பவருக்கு விலையுயர்ந்த விளக்கு அவசியமன்று. ஒளியை அதிகம் வேண்டுவனவற்றை மேற்பகுதியிலும் ஏனையவற்றை அடியிலும் வைத்தல் நன்று.

மெற்றல் ஹேலைட் விளக்குகள் வலிமை மிக்கவையாயினும், வெளியிடும் வெப்பம் சிறு தொட்டியின் நீரை விரைவில் சூடாக்கிவிடும். புளோரசன்ட் குழாய்விளக்குகள் ஒளியைச் சீராகப் பரப்பினும், ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை மாற்றப்பட வேண்டியவை. எல்.ஈ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரத்தில் நெடுங்காலம் உழைப்பதுடன், ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கவும் இடமளிக்கின்றன. வெப்பம் மிகுந்த எமது காலநிலைக்கு இவையே ஏற்றவை என்பது எமது கருத்தாகும்.

எனினும், மிகையான ஒளியும் தீங்கானதே. புதிய முருகையை முதலில் அரைப்பங்கு ஒளியில் வைத்து, சில வாரங்களிற் படிப்படியாக அதிகரித்தல் வேண்டும். நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால ஒளி போதுமானது. ஒளியும் வெப்பமும் எல்லை மீறின், முருகை தன்னுள் வாழும் அல்காக்களை வெளியேற்றி வெளிறிவிடும். 1998ஆம் ஆண்டு கடல்நீர் வெப்பமடைந்தபோது ஹிக்கடுவை முருகைக் கற்பாறைகளுக்கு நேர்ந்த கதியும் இதுவே.

இலங்கைக் கடலின் கல்முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்து வந்து தொட்டியை அலங்கரித்தல் குற்றமாகும். தொட்டியில் வளர்த்துப் பெருக்கப்பட்ட முருகைத் துண்டுகளைச் சட்டபூர்வமாகப் பெற்றுக்கொள்வதே முறையானது. உகந்த ஒளியை வழங்க வசதியற்றோர் மீன்களுடன் நிறைவு கொள்வதே சிறந்தது. மெதுவாக வளரும் ஓர் உயிரை, தவறானதொரு விளக்கின் கீழ் மடியவிடுவதற்கு எமக்கு உரிமையில்லை என்பதை மறந்துவிடலாகாது.