சுருங்கினும் மறையாத எழுத்து

பொம்மசந்திராவில் வாழும் நம் குடும்பங்களுள் பல, ஓசூர்ச் சாலை வழியே தொழில் நாடி வந்தவை. பெற்றோர் தொழிற்பேட்டையின் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வீட்டில் அவர்கள் பேசுவது தமிழே. ஆயினும் தமிழை எழுதத் தெரிந்த குழந்தைகள் சிலரே. இக்குறையைக் குறித்து நாம் பன்முறை பேசியிருக்கிறோம். இம்முறை அறிவுரை கூறாது, ஒரு விளையாட்டைச் சொல்ல விழைகின்றோம்.

சென்ற விடுமுறையில் நம் அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய ஆறு வயது மகள், சேலத்திலுள்ள தன் அம்மாயிக்குத் தன் கையால் ஏதேனும் செய்து அனுப்ப வேண்டுமென்று ஆசைப்பட்டாள். அம்மாயிக்குத் தமிழ் ஒன்றுதான் படிக்கத் தெரியும். பேத்திக்கோ தமிழ் எழுத நாணம். “என் எழுத்துக் கோணலா இருக்கும் அம்மா, வேண்டாம்” என்றாள். “கோணலா இருந்தா இருக்கட்டும் கண்ணு, பெரிசா எழுது” என்றார் தாயார். பிறகு அவர் எடுத்து வந்தது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்.

அது சுருங்கும் பிளாஸ்டிக். அதில் வரைந்து, கத்தரித்து, வெப்பமூட்டினால், தாள் தன் நீளத்திலும் அகலத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தடித்த சிறு வில்லையாகிவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் புரூக்ஃபீல்டு நகரில் பெட்டி மாரிஸ், கேட் புளூம்பெர்க் என்னும் இரு தாய்மார்கள் 1973-இல் இதனைக் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளாக உருவாக்கினர். சிறுவயதில் அதனைக் கொண்டு விளையாடிய மிஷெல் கைன் என்னும் பெண்மணி, பின்னர்க் கலிபோர்னியாவில் பொறியியல் பேராசிரியை ஆனார். நுண்ணிய நீர்வழிகளைக் கொண்ட ஆய்வுச் சில்லுகளைச் செய்யத் தக்க கருவிகள் கைவசம் இல்லாதபோது, அவர் இதே தாளில் கோடுகளை அச்சிட்டுச் சிறு அடுப்பில் சுருக்கி அவற்றைச் செய்தார். விளையாட்டு வீண்போவதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

இத்தாள் சுருங்குவது எதனால்? இதன் பெயர் பாலிஸ்டைரீன். ஆலையில் இதனைச் சூடாக்கி, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிரச் செய்கின்றனர். உள்ளே சுருண்டிருந்த நெடிய மூலக்கூறுகள் நீட்டப்பட்டவாறே உறைந்துவிடுகின்றன. மீண்டும் வெப்பம் பட்டதும் அவை இளகிப் பழையபடி சுருண்டுகொள்கின்றன. எடை குறைவதில்லை, பரப்பு ஒன்பதில் ஒரு பங்காகும்போது தடிப்பு ஒன்பது மடங்காகிறது.

இனிச் செய்முறையைக் காண்போம். கைவினைப் பொருள் கடைகளில் இத்தாள் கிடைக்கும். உணவுக் கடையிலிருந்து வரும் கண்ணாடி போன்ற மூடிகளுள், முக்கோணத்தினுள் 6 என்னும் எண் உள்ளதும் இதற்கு உதவும். ஆனால் அது ஒரே சீராகச் சுருங்காது. 1, 5 ஆகிய எண்கள் வேறு பிளாஸ்டிக்குகளைக் குறிப்பன. அவை இதற்குப் பயன்படா. 3 என்னும் எண் உள்ளதை ஒருபோதும் சூடாக்கலாகாது. அதிலிருந்து நச்சுப்புகை எழும். தெர்மாகோலும் பாலிஸ்டைரீனே எனினும் அது நுரை வடிவம். அதையும் அடுப்பில் வைத்தல் கூடாது.

சிறுமி 12 செண்டிமீட்டர் நீளமும் 6 செண்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டில் ‘அம்மாயி’ என்று எழுதினாள். நான்கே எழுத்துகள். ஆயினும் அவற்றுள் உயிர் ஒன்று, புள்ளி வைத்த மெய் ஒன்று, கால் பெற்ற உயிர்மெய் ஒன்று, மேலே வளைவு பெற்ற உயிர்மெய் ஒன்று! தமிழ் எழுத்து முறையின் பெரும்பகுதியை அச்சொல்லைக் காட்டியே விளக்கிவிட்டார் தாயார். குழந்தையும் முகம் சுளிக்கவில்லை.

தாளின் சொரசொரப்பான பக்கத்தில் வண்ணப் பென்சில் நன்கு பிடிக்கும். இரு பக்கமும் வழவழப்பாயின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். சுருங்கியபின் வண்ணம் அடர்ந்துவிடுமாதலால் இளம் வண்ணமே தீட்டுக. மூலைகளை வட்டமாகக் கத்தரித்தல் வேண்டும். கூர்மூலை சுருங்கித் தடித்தால் கையைக் கீறும். வளையம் கோக்கும் துளையை முதலிலேயே இட்டுவிடுக. காகிதத் துளைப்பானின் 6 மில்லிமீட்டர்த் துளை பின்னர் 2 மில்லிமீட்டராகிவிடும்.

இதுவரை குழந்தையின் வேலை. இனி அடுப்பு பெரியவர்களுக்கே உரியது. கேக் சுடுவோர் தட்டில் விரிக்கும் தாளின்மேல் துண்டை வைத்து, 160 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றிய மின்சார ஓவனில் இடுக. மைக்ரோவேவ் இதற்கு ஏற்றதன்று; எரிவாயுச் சுடரில் காட்டவே கூடாது. சன்னல்களைத் திறந்து வைத்தல் நன்று. துண்டு முதலில் பாம்புபோல் சுருண்டு நெளியும். கெட்டுவிட்டதென்று எண்ணிக் குழந்தைகள் கலங்குவர். சிறிது பொறுத்தால் தானே படியும். ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். வெளியே எடுத்ததும் கனமான தட்டையான பொருளொன்றால் அழுத்தி, நன்றாக ஆறிய பின்னரே குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தை வீட்டிலிருந்தால் இச்சிறு வில்லைகளை அதன் கைக்கு எட்டாமல் வைத்தல் கட்டாயம். வாயிலிட்டு விழுங்கினால் மூச்சடைக்கும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளாயின் கணக்கும் கற்பிக்கலாம். 10 செண்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டை முதலில் சுருக்கி அளந்து, எத்தனை பங்காயிற்று என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுக. அடுத்த அணியை எவ்வளவு பெரிதாக வரைய வேண்டுமென்று அவர்களே கூறிவிடுவர். எனினும் வேண்டிய அளவே வாங்குதல் நலம். சுருங்கினாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கே, மண்ணில் மட்காது.

அன்று ஓவனிலிருந்து வந்த வில்லை 4 செண்டிமீட்டர் நீளமே இருந்தது. சிறுமி அதனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். 3 மில்லிமீட்டர் கோணியிருந்த கோடு இப்போது 1 மில்லிமீட்டரே கோணியிருந்தது. “நான்தானா எழுதினேன்?” என்று கேட்டாள். கோணல் குறைந்தது, எழுத்து மறையவில்லை. தமிழ் எழுத அஞ்சும் குழந்தைக்கு இதனினும் நல்ல ஊக்கம் வேறு யாதென்று நாம் அறியோம்.

சாவிவளையமாகச் சேலம் சென்ற அந்த அணிக்கு, நான்கு நாளில் தொலைபேசி வழியே மறுமொழி வந்தது. அம்மாயி வீட்டுச் சாவியை அதில் கோத்துவிட்டாராம். மகிழ்ச்சியோடு ஒரு திருத்தமும் சொன்னார்: “யி-க்கு மேல சுழி இன்னும் கொஞ்சம் வளையணும் சாமி.” சிறுமி அன்று மாலையே புதிய துண்டொன்றில் ‘யி’ எழுதிப் பழகத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுத் தோழிக்கும் ஓர் அணி செய்தாள். அதில் தோழியின் பெயர் கன்னடத்திலும் தமிழிலும் அருகருகே இருக்கிறது. கன்னட எழுத்தைத் தோழியே எழுதிக் கொடுத்தாள்.

அன்பர்களே, ஊரில் உங்கள் குழந்தையின் கையெழுத்தைக் காணக் காத்திருப்போர் யார்? அவரை அழைக்கும் முறைப்பெயரையே முதல் அணியில் எழுதச் சொல்லுங்கள்.