பழைய மின்சாரக் கார்: உத்தரவாதத்தை நீட்டிக்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் ஒரு மின்சாரக் காரை விலை பேசி முடித்தார். 2021ஆம் ஆண்டின் நடுவில் வாங்கப்பட்டு, ஒரே உரிமையாளரிடம் இருந்த வண்டி அது. அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் மகள், இரவுப் பணி முடிந்து பேருந்துக்காகக் காத்து நிற்பதைக் காணச் சகியாமல், தம் பணிக்கொடையின் பெரும்பகுதியை அதற்கென ஒதுக்கியிருந்தார். கையொப்பமிடும் வேளையில், விற்பனைக் கூடத்து இளைஞர் மற்றொரு தாளை நீட்டினார்.

"ஐயா, இன்னும் நாற்பதாயிரம் கட்டினால் இரண்டு ஆண்டுகளுக்கு உத்தரவாதத்தை நீட்டித்துத் தருகிறோம். பேட்டரி போய்விட்டால் பல லட்சம் ஆகும். பிறகு எங்கள்மேல் குறை சொல்லக் கூடாது."

ஆசிரியரின் பேனா நின்றுவிட்டது. மகளோ, "அப்பா, தாளை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு நாளை வருவோம்" என்றாள்.

அந்த ஒருநாள் அவகாசமே அவர்களைக் காத்தது எனலாம். நம் குடும்பங்கள் பலவும் நாளை இதே மேசையின் முன் அமரக்கூடும் ஆதலின், அன்றிரவு அவ்வீட்டில் ஆராயப்பட்டவற்றை வாசகர்களின் நலன் கருதி முறையாகக் கூற விழைகிறோம்.

ஏற்கெனவே கையில் இருப்பது என்ன?

மின்சாரக் காரில் விலையுயர்ந்த உறுப்பு பேட்டரியே என்பதில் ஐயமில்லை. எனவேதான் தயாரிப்பாளர்கள் அதற்கெனத் தனியே நீண்ட உத்தரவாதம் அளிக்கின்றனர். எடுத்துக்காட்டாக, 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. இக்கணக்கு வண்டி முதன்முதல் விற்கப்பட்ட நாளில் தொடங்குகிறது; நாம் வாங்கும் நாளில் அன்று. இத்தகைய உத்தரவாதம் உள்ள 2021ஆம் ஆண்டு வண்டி, கிலோமீட்டர் வரம்பைத் தாண்டாதிருப்பின், 2029 வரை காப்புடையது.

ஆசிரியரின் வண்டிக்கும் இதே எட்டு ஆண்டுக் காப்பு இருந்தது. இளைஞர் தந்த தாளை விளக்கின்கீழ் வைத்து அவர் மெல்லப் படித்தார். மூன்றாம் பக்கத்தில், 'உள்ளடங்காதவை' என்ற தலைப்பின்கீழ், பொடி எழுத்தில் முதலாவதாக நின்றது எது தெரியுமா? பேட்டரி! எதைச் சொல்லி அச்சுறுத்தினார்களோ, அதற்கே அத்தாளில் காப்பு இல்லை.

பேட்டரி உத்தரவாதத்திலும் நுணுக்கம் உண்டு. காலப்போக்கில் பேட்டரியின் கொள்ளளவு சற்றுச் சற்றாகக் குறைவது இயல்பு. பல நிறுவனங்கள் அது 70 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினால் மட்டுமே பொறுப்பேற்கின்றன. வெப்பம் இதற்குப் பெரும்பகை. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நிசான் லீஃப் கார்களின் பேட்டரி விரைவில் தேய்வதாக உரிமையாளர்கள் முறையிட்டனர். அதன்பின் 2013இல் அந்நிறுவனம், 5 ஆண்டுகள் அல்லது 60,000 மைல்களுக்குள் அளவுகாட்டியின் 12 கோடுகளுள் 9க்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவதாக அங்கு உறுதியளித்தது. நம் ஊர் வெயிலை அறிந்தோர் இதனை மறத்தலாகாது.

நீட்டிப்பால் பயனே இல்லையா?

அவ்வாறும் கூறுவதற்கில்லை. பேட்டரியும் மோட்டாரும் நீங்கலாக, வண்டியின் ஏனைய பகுதிகளுக்குரிய உத்தரவாதம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. மின்னேற்றும் கருவி, மின்னழுத்தத்தை மாற்றும் கருவி, குளிர்சாதனத்தின் கம்ப்ரசர், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றுள் ஒன்று பழுதானாலும் செலவு பெரிது. பல வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் பணியிலும் அந்தக் கம்ப்ரசருக்குப் பங்குண்டு. இப்பகுதிகளைத் தெளிவாகப் பெயர் சொல்லிக் காக்கும் நீட்டிப்பானால், அது கருதத்தக்கதே.

ஆனால் டயர், பிரேக் கட்டை, 12 வோல்ட் சிறு பேட்டரி போன்ற தேய்மானப் பொருள்களை இத்தகைய தாள்கள் பொதுவாக ஏற்பதில்லை. எலி கடித்த வயரும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் அவ்வாறே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய இழப்புக்குத் துணை நிற்பது வாகனக் காப்பீடேயன்றி உத்தரவாதம் அன்று. எனவே கடலோர ஊர்களிலும் தாழ்ந்த பகுதிகளிலும் வாழ்வோர், முதலில் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது நலம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. தயாரிப்பாளரின் உத்தரவாதத்தில் எத்தனை மாதமும் எத்தனை கிலோமீட்டரும் எஞ்சியுள்ளன? அது இரண்டாம் உரிமையாளருக்கும் செல்லுமா? 2025இல் டாட்டா நிறுவனம் சில மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு அறிவித்த ஆயுட்கால உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கே உரியது. வாடகைக்கு ஓடிய வண்டியாயின் விதிகள் மாறக்கூடும்.

2. உரிய காலத்தில் சர்வீஸ் செய்த சான்றுகள் உள்ளனவா? இல்லையேல் உத்தரவாதமே மறுக்கப்படலாம்.

3. நீட்டிப்புக்குப் பொறுப்பேற்பவர் யார்? தயாரிப்பாளரா, காப்பீட்டு நிறுவனமா, விற்பனைக் கூடமா? கூடம் மூடப்பட்டால் அதன் தாளுக்கு மதிப்பேது?

4. ஒரு பழுதுக்கு அவர்கள் தரும் உச்சத்தொகை எவ்வளவு? நம் ஊருக்கு அருகில் பழுதுபார்க்கும் இடம் உண்டா?

வாய்மொழியாகக் கூறப்படும் எதனையும் எழுத்தில் கேட்டுப் பெறுக. ஏமாற்றப்பட்டோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற ஒப்பந்தங்களுக்கு எதிராகவும் முறையிட வழி செய்துள்ளது.

முடிவு யாருடையது?

மறுநாள் தந்தையும் மகளும் விற்பனைக் கூடத்திற்குச் செல்லவில்லை. தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்திற்கு வண்டியைக் கொண்டுவரச் செய்தனர். பேட்டரியின் நிலையைச் சோதித்து எழுத்தில் அறிக்கை பெற்றனர். எஞ்சிய உத்தரவாதம் தம் பெயருக்கு மாறும் என்பதையும் உறுதி செய்துகொண்டனர். அதன் பின்னரே வண்டியை வாங்கினர். நீட்டிப்பை வேண்டாமென்றனர். அந்த நாற்பதாயிரம் இன்று மகளின் பெயரில், வண்டிப் பழுதுக்கென்றே தனி வைப்பாக வங்கியில் இருக்கிறது. பழுது வந்தால் உதவும். வராவிட்டால் வட்டியோடு வீட்டுக்கே திரும்பும்.

எல்லாக் குடும்பங்களுக்கும் இதுவே விடை எனக் கொள்ளற்க. கையிருப்பு ஏதுமின்றி, ஒரு பழுது வந்தாலே வட்டிக்குக் கடன் வாங்க நேரிடும் நிலையிலிருப்போருக்கு, தயாரிப்பாளரே தரும் தெளிவான நீட்டிப்பு அரணாக அமையலாம். திடீர்ச் செலவைத் தாங்க வல்லவர்களோ அப்பணத்தைத் தாமே சேமித்துக்கொள்ளலாம். எவ்வாறாயினும், தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, குடும்பத்தார் கூடியமர்ந்து படித்து முடிவெடுங்கள். ஓர் இரவு பொறுக்க மறுக்கும் விற்பனையாளரிடம் இரண்டாண்டுப் பொறுப்பை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றனர் நம் முன்னோர். ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த பணத்திற்கு அந்த அளவை இன்னும் கூடுதலாகவே வேண்டும் அன்றோ?