பின்னோக்கி எரியும் அடுப்பு

ஆடி பிறந்தால் கூடுவாஞ்சேரி டீக்கடைகளில் அடுப்பைச் சுற்றித் தகரம் வைப்பார்கள், காற்று தீயை அலைக்கழிக்காமல் இருக்க. தகரத்துக்குள் சிலிண்டர் வாயு எரிகிறது. பாலுக்கு வெப்பம் போக, மிஞ்சுவது கரியமில வாயுவும் நீராவியும்.

இந்த இரண்டையும் மறுபடி எரிவாயுவாக்க முடியுமா? முடியும். தீ கொடுத்ததை மின்சாரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு வழி தண்ணீர்த் தொட்டி. கரியமில வாயு கரைந்த உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். எதிர்மின்வாய் எந்த உலோகம் என்பதில்தான் சூட்சுமம். வெள்ளியானால் கார்பன் மோனாக்சைடு. செம்பானால் மீத்தேன், எத்திலீன். செம்பின் இந்தக் குணத்தை 1980களில் ஜப்பானிய வேதியியலாளர் யோஷியோ ஹோரி எடுத்துக்காட்டினார்.

இன்னொரு வழி சூளை. சிர்கோனியாப் பீங்கான் தகடு 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆக்சிஜன் அயனிகளை மட்டும் தன் வழியே விடும். ஒருபுறம் நீராவியையும் கரியமில வாயுவையும் செலுத்தி மின்சாரம் கொடுத்தால், ஆக்சிஜன் மறுபுறம் போய்விடும். ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் தங்கும். இக்கலவையை நிக்கல் வினையூக்கியின் மேல் அனுப்பினால் மீத்தேன், அதாவது ஆட்டோக்களில் நிரப்பும் சி.என்.ஜி.யின் முக்கியப் பொருள். இவ்வகைத் தகடு செவ்வாயிலும் உழைத்திருக்கிறது: நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலிருந்த 'மாக்சி' கருவி 2021 முதல் 2023 வரை அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து 122 கிராம் ஆக்சிஜன் பிரித்தெடுத்தது.

கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் சுமார் 15 யூனிட் ஆற்றல். அதைத் தயாரிக்கவோ அதற்கு மேல் செலவாகும். வழியில் சேதாரம் உண்டு. நிலக்கரி மின்சாரத்தில் இதைச் செய்தால், பிடித்த கரியமில வாயுவைவிட வெளியே விட்டதே அதிகமாகும். ஆக, இது ஆற்றலை விளைவிக்கும் வயல் அல்ல. விளைந்ததைச் சேர்த்துவைக்கும் குதிர்.

குதிர் நிரப்ப நம்மிடம் விளைச்சல் இருக்கிறது. முப்பந்தல் காற்றாலைகள் ஆடியில் முழுவீச்சில் சுழலும், தையில் சோரும். மின்கலம் சில மணி நேரத்துக்குத் தாங்கும்; மாதக்கணக்கில் வைத்திருக்க வாயு தோதானது. ஜெர்மனியின் வெர்ல்டேயில் அவுடி நிறுவனம் 2013இல் இதற்கென்றே 6 மெகாவாட் ஆலை திறந்தது: மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, கிடைத்த ஹைட்ரஜனை உயிரி எரிவாயு ஆலையின் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேன் ஆக்கினார்கள். சூளைத் தகட்டுக்கு மூலமான சிர்க்கான் கனிமமோ முப்பந்தல் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே, மணவாளக்குறிச்சி மணலில் கிடக்கிறது.

இவையெல்லாம் கட்டுபடியாகும் விலையில் ஒன்றுசேர்ந்தால், தைப் பனியில் டீக்கடை அடுப்பை எரிப்பது ஆடியில் தகரம் வைத்துத் தடுத்த அதே காற்றாக இருக்கும்.